போகாதீர்கள் என்று எழுதியவனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கு நானும் உன் அப்பாவும் உன் சித்தியும் உடலால் குறைவின்றி இருக்கிறோம். நீயும் வேளைக்கு உண்டு, குளிருக்குப் போர்த்தி, உடலால் குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். மனத்தின் நலம் பற்றிய கேள்வி பின்னால் வருகிறது, அதற்கு நீதான் விடை எழுத வேண்டும். இதைக் கைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லிப் பார்த்தேன். நான் அரைப்பக்கம் எழுதி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். அழைத்தால், மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய், அந்த அப்புறம் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன், தாளுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. இக்கடிதத்திற்கு வேலை ஒன்றுதான். உன் சித்தியை ஒருவன் பிடித்து வைத்திருக்கிறான், அவளை அவன் விட வேண்டும். அவன் யார் என்பதைக் கடைசி வரிவரை மறைத்து வைத்துக் கைதட்டல் வாங்கும் பொறுமை எனக்கில்லை. அவன் நீ.

செய்தி உன் அப்பாவின் கைபேசியில் தொடங்கிற்று. வாழ்நாள் முழுதும் பேருந்தில் ஏறி, பயணச்சீட்டு வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர். அவருடைய சட்டைப்பைக்குள்ளேயே ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, மாதந்தோறும் அவருடைய ஓய்வூதியத்தில் கிள்ளித் தின்று கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவனையும் அவர் பிடிக்கவில்லை. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போதெல்லாம், பேங்க்காரன் சும்மா ஏதாவது அனுப்பிட்டே இருப்பான் என்று படிக்காமல் துடைத்து விடுவாராம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முகச்சுருக்கத்தை நீக்கிப் படம் எடுக்க ஒன்று, அந்தப் படங்களை யாருக்கு அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். மழை வருமா என்று சொல்ல ஒன்று, சன்னல் இருக்கும் வீட்டில். செடியைப் படம் பிடித்தால் அதன் பெயரைச் சொல்ல ஒன்று, நம் வீட்டில் இருப்பது ஒரே தொட்டி, அதன் பெயர் எனக்கே தெரியும். சதுரங்கம் கற்பிக்க ஒன்று. அவரை யாராவது அழைத்தால் அவர்கள் காதில் பாட்டுப் பாட இன்னொன்று, அந்தப் பாட்டை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது, கேட்டவர்கள் நாங்கள்தாம். எல்லாமே மூன்று நாள் இலவசம் என்று உள்ளே வந்தவை. ஏன் சேர்ந்தீர்கள் என்றேன். ஃப்ரீன்னு போட்டிருந்தான், வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு அமுக்கினேன் என்றார்.

உடனே வீரம் வந்து ஐந்து செயலிகளையும் விரலால் அழுத்திப் பிடித்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, ஒரே நிமிஷத்துல தீர்த்துட்டேன் பாரு, நீ மேடையில பேசிட்டே இரு, நான் செஞ்சு முடிச்சுட்டேன் என்று மார்தட்டினார். அடுத்த மாதம் ஐந்து பேரும் தவறாமல் வந்து தம் பங்கை எடுத்துக்கொண்டார்கள். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கடைக்காரன் கணக்கை மூடிவிடுவானா என்ன. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு என்பதை அன்றுதான் கற்றோம். செயலிகளை விற்கும் கடையைத் திறந்து, மேல் மூலையில் அவர் முகம் இருக்கும் சிறு வட்டத்தைத் தொட்டு, பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்ற வரிக்குள் நுழைந்தால், நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவனையும் தொட்டு, ரத்து செய் என்பதைத் தொட்டு, ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஏதோ ஒரு விடையைத் தொட்டு வெளியேற்றினோம். ஐந்தாமவனாகிய பாட்டுக்காரன் அங்கே இல்லை, அவன் தொலைபேசி நிறுவனத்தின் ஆள். அதற்கு நானே அழைத்தேன். பெண் குரல் ஒன்று கேட்டது. பெருமதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி, கேளாத பாட்டுக்குக் காசு கேட்பது எந்த அறத்தில் சேரும் என்பதை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துப் பேசினேன். பேசி முடித்ததும் அந்தக் குரல், தாங்கள் தவறான தேர்வை உள்ளிட்டுள்ளீர்கள் என்றது. உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார். அது மெஷின்மா, அதுக்குப் போய் அம்மையீர்ங்கற, மூணை அமுக்கு என்றார். மூன்றை அழுத்தினேன், பாட்டு நின்றது. என் வாழ்வில் ஒரே எண்ணில் நான் வென்ற கூட்டம் அதுதான்.

இந்த வெற்றியோடு உன் சித்தியின் தையற்கடைக்குப் போனேன், அவள் கைபேசியையும் துப்புரவு செய்யலாம் என்று. போகும்போதே மழைச்சத்தம் கேட்டது, வெளியே வெயில் கொளுத்துகிறது. குழாய் உடைந்ததோ என்று பார்த்தால், வெட்டுமேசைமேல் துணிக்குவியலுக்கு நடுவே அவள் கைபேசி மழை பெய்து கொண்டிருக்கிறது. சட்டை அளவு கொடுக்க வந்த ஆசிரியை ஒருத்தி, அக்கா, மேல தண்ணி ஒழுகுது போல என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதென்ன என்றேன். நம்ம பையன் கம்பெனி ஆப்புக்கா, தூக்கம் வர்றதுக்கு என்றாள். உன் சித்தியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நான் மேடை மேடையாகப் போய் வந்த ஆண்டுகளில் உனக்குச் சோறு ஊட்டி, சட்டை தைத்து, முதுகில் தட்டித் தூங்க வைத்தவள். படுத்ததும் தூங்கிவிடும் பெண் அவள், பேச்சின் நடுவிலேயே தூங்கியும் இருக்கிறாள், என் பேச்சாகவே இருந்தாலும். அவளுக்கு எதற்குத் தூக்கம் விற்கும் செயலி. நீ வேலைக்குச் சேர்ந்த நிறுவனம் என்று கேட்டுப் பெருமையில் சேர்ந்திருக்கிறாள். ஆள் குறைந்தால் உனக்குக் குறையாகிவிடும் என்று, பகலெல்லாம் அதை ஓடவிட்டுத் தையல் பொறியோடு போட்டியிட வைக்கிறாள். கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எத்தனை காலமாகச் சொல்லி வருகிறாள், ஊசியைக் கைந்நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நூலால் காற்றைக் குத்திக் கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்குச் சேர்க்கும் காசுதான் உன் மழையாகப் பெய்கிறது.

நிறுத்துகிறேன் என்று கைபேசியை வாங்கினேன். உன் அப்பாவின் கைபேசியில் திறந்த அதே வரிசையைத் திறந்தேன், வெறுமையாக இருந்தது. உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், கடையில் வைத்தால் ரத்து செய் என்ற சொல் கண்ணில் பட்டுவிடும் என்று, தங்கள் சொந்த வலைப்பக்கத்தில் அட்டை எண்ணை வாங்கி வைத்திருக்கிறார்கள். அங்கே போனேன். சேர்வதற்கான பொத்தான் அவள் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. விலகுவதற்கான வழி, என் கணக்கு, அமைப்புகள், உதவி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து, கடைசியில் சாம்பல் நிறத்தில் எறும்பு அளவில் கிடந்தது. அதைத் தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. குடைக்குள் ஒரு குட்டி மேகம் அழுகிறது. அதன்கீழ் எழுதியிருந்தது: போக நினைத்த கால்களே, ஒரு நொடி பொறுங்கள்; உங்களுக்காகவே வைத்திருந்த சொல் இன்னும் மீதமிருக்கிறது. அதன்கீழ்ப் பச்சைப் பொத்தானில், இருக்கிறேன். அதற்கும் கீழே மங்கலாக, இல்லை, என் நலத்தில் எனக்கு அக்கறை இல்லை.

மகனே, அந்த மேகத்தின் வாயில் இருப்பது என் சொல். சென்ற முறை நீ வந்திருந்தபோது, நான் காய் நறுக்கிக் கொண்டிருந்தேன், நீ அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து, அம்மா, கூட்டத்துல ஆளுங்க எழுந்து போக ஆரம்பிச்சா நீ என்ன சொல்லி நிறுத்துவ என்று கேட்டாய். இத்தனை ஆண்டு கழித்து என் பிள்ளை என் பேச்சைப் பற்றி ஒன்று கேட்டானே என்று உச்சி குளிர்ந்து, கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, எழுந்து நின்று, மேடையில் சொல்வது போலவே சொல்லிக் காட்டினேன். நீ கைபேசியில் ஏதோ தட்டினாய், நண்பனுக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று நினைத்தேன். நான் அடுப்படியில் நின்று சரக்கை இறக்க, நீ தூக்கிப் போனது தெரியாமல் உனக்கு இரண்டாம் முறை சோறு வேறு போட்டிருக்கிறேன். சொல்லை எடுத்ததற்கு எனக்குச் சினமில்லை, சொல் பொது. ஆனால் என் கூட்டத்திலிருந்து நீ பாதியைத்தான் எடுத்துப் போனாய். நான் அதைச் சொல்லும்போது அரங்கின் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். கேட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு, கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு, போனவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் பேசக் கற்றேன். நீ என் சொல்லை எடுத்துக்கொண்டு கதவை விட்டுவிட்டு வந்தாய். கதவில்லாத அரங்கில் நின்று போகாதீர்கள் என்று சொல்பவனுக்குப் பேச்சாளன் என்று பெயரில்லை, காவற்காரன் என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கி, கடல் தாண்டிப் போய், குளிரூட்டிய அறையில் சுழல்நாற்காலியில் அமர்ந்து செய்யும் காவல். வாழ்க உன் கல்வி.

அந்த மங்கலான வரியைத் தொடப் போனேன். உன் சித்தி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். வேணாங்க்கா, இதுல வர்ற எழுத்தெல்லாம் தான் எழுதறதுன்னு பிள்ள சொல்லியிருக்கான், அவனே போகாதீங்கன்னு எழுதியிருக்கான், எப்படிப் போறது என்றாள். இது உனக்கு எழுதியது இல்லையடி, ஊருக்கே எழுதியது என்றேன். அவள் கேட்கவில்லை. ரெண்டு தடவை நானே நிறுத்தலாம்னு போனேன்க்கா, ரெண்டு தடவையும் அந்த மேகம் அழுதுச்சு, அவன் சின்னதுல அழற மாதிரியே இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன் என்றாள். நான் இவ்வளவு நேரம் உன்னை ஏசியதெல்லாம் எள்ளல், இது எள்ளல் இல்லை. நீங்கள் அந்த மேகத்தை வரைந்தபோது யாருக்கு மனம் இளகும் என்று பேசியிருப்பீர்கள் அல்லவா, மேசையைச் சுற்றி உட்கார்ந்து. இதோ இவளுக்குத்தான் இளகிற்று. கல்நெஞ்சக்காரர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள், நல்லவர்கள் மட்டும் உங்கள் வலையில் நிற்கிறார்கள். நான் எவ்வளவு பேசினாலும் அவள் அசைவதாக இல்லை, ஊரையே எழுப்பிய வாய் இது, சொந்தத் தங்கையிடம் தோற்று வெளியே வந்தேன். அவன் வாயால சொல்லட்டும், அப்ப நிறுத்தறேன் என்பதே அவள் முடிவு.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தையல் தொழிலாளர் சங்கக் கூடத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள், தேவையில்லாச் சந்தாக்களைக் கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி என்று பெண்களுக்குச் சுவரில் படம்போட்டுக் காட்ட வேண்டும். வங்கிக் குறுஞ்செய்திகளை முதலில் படியுங்கள், கடையின் வரிசையைப் பாருங்கள், அங்கே இல்லாதவனை அவன் வலைப்பக்கத்திலேயே போய்த் தேடுங்கள், நிறுத்தியதும் உறுதிச்செய்தி வந்ததா என்று பாருங்கள் என்று சொல்வேன், செய்தும் காட்டுவேன். மேகம் அழும் பக்கமும் சுவரில் விழும். இதை யாருங்க எழுதுனது என்று யாராவது கேட்பார்கள், என் கூட்டத்தில் கேட்காமல் போக மாட்டார்கள். நான் மேடையில் பொய் சொன்னதில்லை, உனக்காகத் தொடங்கப் போவதுமில்லை. முதல் வரிசையில் உன் சித்தி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேள்வி அவள் காதில் விழுமுன் உன் குரல் அவள் காதில் விழ வேண்டும். வேலையை விடு என்று நான் சொல்லவில்லை, வீட்டுவாடகை எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைத் திருத்தும் அதிகாரம் உனக்கு இருக்கிறதா என்று தெரியாது, இருந்தால் பொத்தானைப் பெரிதாக்கு, இல்லாவிட்டால் இருப்பவனிடம் போய்க் கேள், வாயை உனக்கு நான் வெறும் உண்பதற்காகக் கொடுக்கவில்லை. ஆனால் சித்தியை அழைப்பதற்கு எந்த மேலாளரின் ஒப்புதலும் வேண்டாம்.

இரவில் நெடுநேரம் திரையைப் பார்க்காதே. காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதே. உன் அப்பா உனக்கு ஒரு படம் அனுப்புவார், சுருக்கங்களோடு இருக்கும், அழகாக இருக்கிறார் என்று எழுது, பாவம், பழக்கமில்லாத முகத்தோடு கூச்சப்படுகிறார். நீ நீடு வாழ்க, நெஞ்சு நிமிர்ந்து வாழ்க, எந்தக் கூட்டத்திலும் உன் தொழிலின் பெயரை நான் உரக்கச் சொல்லும்படி வாழ்க. மறவாதே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கூப்பிட வேண்டும். என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே, இம்முறை உனக்கு நான் ஒரு சொல்லும் எழுதித் தரப் போவதில்லை. கடை பூட்டும் நேரத்தில் அழை, அப்போதுதான் அவள் பொறியை நிறுத்தியிருப்பாள், நீ சொல்வது கேட்கும். போகலாம் சித்தி என்று சொல். அழுதால் அழட்டும், நீயும் அழு, மேகத்தை அழவிடாதே.

என்றும் உன்மேல் மாறாத அன்புடன்,
உன் அம்மா