சைடுகார் இருக்கை

1936 ஜூலை 4, குற்றாலம்
மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. எசமானின் சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் தோல் இருக்கையெல்லாம் பூசணம். பூவந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். டயருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். எண்ணெய் பட்டால் மழையில் வழுக்கும். பங்களாவில் வண்டி ஓட்டச் சேர்ந்து ஐந்து வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

ஜூலை 6
மழை. வண்டி எடுக்கவில்லை.

ஜூலை 9
காலையில் தபால் எடுக்கத் தென்காசிக்குப் போனேன். மேலகரம் வருவதற்குள் நம் தோட்டத்து மாடக்கண்ணு ரோட்டில் நின்று கையைக் காட்டினான். மரத்தடியில் அவன் பெண்டாட்டி இசக்கி. ஏழு மாசம். சேலை நனைந்திருந்தது — மழையில் அல்ல.

"ஐயா, ஆசுபத்திரி வரைக்கும்..."

யோசிக்கவில்லை. சைடுகாரில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் சத்தமே போடவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தன.

பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் பிழைத்தாள்.

ஜூலை 10
இருக்கையில் இருந்த இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி போய்விட்டது. அதற்குள் எசமான் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டுவே அவள ஏத்துனீரு? என் வீட்டு ஆளுக இருக்குத எடம்வே அது!"

ஆள் விட்டு மாடக்கண்ணுவை வரவழைத்தார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தான். காலில் மண் காயவில்லை. "ஒம் பெண்டாட்டி அழுக்குலே இது. நீயே கழுவு" என்றார். சோப்புக் காய்ச்ச வைத்திருந்த காஸ்டிக் சோடாவைக் கரைத்து எடுத்துவரச் சொன்னார்.

எடுத்துவந்தது நான்.

அன்றே, சாயங்காலம்
எழுதாமல் இருக்க முடியவில்லை. துணி தரட்டுமா என்று கேட்டேன். "கையாலயே தேய்க்கட்டும்" என்றார். அவன் வெறுங்கையை வாளிக்குள் விட்டான். "எசமான், தோலு போயிரும்" என்றேன்.

நான் சொன்னது இருக்கைத் தோலை. ஐயோ, நான் சொன்னது இருக்கைத் தோலைத்தான்!

"போனாப் போவுது. வேற வாங்கிக்கிடலாம்."

மாடக்கண்ணு என்னை ஒருதரம் பார்த்தான். கை வெளுத்து வழுவழுன்னு ஆயிட்டு. அவன் நிறுத்தல. நான் ஏன் வாளியத் தட்டிவிடல? என்ன செஞ்சிருவாரு? வேலைய விட்டு நிறுத்துவாரு, அவ்வளவுதான?

ஜூலை 11
சாப்பிடும்போது என் மனைவி முத்துவடிவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"சொன்னேன்" என்றேன்.

ஜூலை 25
மாடக்கண்ணுவுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று எசமான் நிறுத்திவிட்டார். இருவரும் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போகிறார்கள். மூட்டையை இசக்கிதான் சுமந்துகொண்டு போனாள். பங்களா வாசலில் என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதற்காம்.

அதற்குப் பதில் காறித் துப்பியிருக்கலாம்.

ஜூலை 30
நினைத்தபடியே தோல் விறைத்து வெடித்துவிட்டது. மதுரைக்கு எழுதிப் புது இருக்கை வரவழைத்தாயிற்று. "இதயாவது ஒழுங்காப் பாத்துக்கிடும்" என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 12
தபால் எடுக்கப் போனேன். நல்ல சாரல். வழியில் நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலை ரோட்டோரம் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கட்டிலில் கிடந்தது ஆணா பெண்ணா என்று நான் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் நடுரோட்டுக்கே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

ஹாரனை அடித்தேன். விலகிக்கொண்டார்.

எசமானுக்கு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. நனையாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.