மக விட்டுட்டுப் போன நாவலுக

ஆவணி 14, வெள்ளி.

மக அவளாப் பாத்த பையனைக் கட்டிக்கிட்டு ஊட்டை விட்டுப் போயி இன்னைக்கோட ஒரு மாசம். அவ அலமாரியில கெடந்த நாவலுகளைத்தான் தினமும் படிச்சுட்டு இருக்கறேன். மொதல்ல கொலைக் கதை, அப்புறம் காதல் கதை. கொலை செஞ்சது யாருன்னு பாதியிலயே கண்டுபுடிச்சுபோடறேன். எங்கூட்டுல ரெண்டு வருசமா நடந்தது மட்டும் எனக்குத் தெரியலை. காதல் கதையில எல்லாம் அப்பன்தான் வில்லன். படிக்கவே அலுப்பா இருக்குது. ஆனாலும் கடைசியில அந்த அப்பன் மககிட்ட என்ன பேசறான்னு பாக்காம மூடி வெக்க முடியறதில்லை.

சாயங்காலம் தறிக்கூடத்துல உக்காந்திருந்தேன். சம்சாரம் போனைக் கொண்டாந்து நீட்டுனா.

"ஏனுங்க, அம்மணி பேசறா. ஒரு வார்த்தை பேசுங்க."

வாங்கிக் காதுல வெச்சேன்.

"அப்பா, சாப்டீங்களா?"

நான் படிச்ச கதையில எந்த மகளும் அப்பனை இப்படிக் கேக்கலை. "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை"ன்னு சொல்லி, போனைச் சம்சாரத்துகிட்டயே குடுத்துபோட்டேன்.

அப்ப கரண்ட் போயி அரை மணி நேரம் ஆயிருந்துச்சு. ஒரு தறிகூட ஓடலை. அந்தச் சத்தத்துலயே பொறந்து வளந்தவ அவ. அவளுக்குத் தெரியாதா?