உளுவைக்கு வைத்த பெயர்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து காற்று. மழை இல்லை, கண்ணில் மண்தான். புளியங்குடிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் நின்றபடி போய், நின்றபடி திரும்பினேன். எட்டாம் வகுப்புத் தாள் திருத்த இன்னும் முப்பது பாக்கி.

மதியம் லேப் தோழி கலாவிடமிருந்து வாட்ஸ்அப்: "பாத்தியா? வந்துட்டு." என் ஆராய்ச்சிக்கு கைடாக இருக்கும் சாரின் கட்டுரை. புது இன உளுவை. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத, சேற்றோடு சேறாக அடியில் கிடக்கிற, கன்னத்தில் ஆரஞ்சுக் கோடு உள்ள என் மீன். தூத்துக்குடிப் பக்கம் கழிமுகத்தில் மூன்று வருடம் முழங்கால் சேற்றில் நின்று பிடித்தது. துடுப்பு முள்ளை எண்ணியது நான். படம் வரைந்தது நான்.

எழுதியவர்கள்: சார், சாரின் மருமகன். நான் கடைசியில், நன்றிப் பட்டியலில், டிரைவருக்கு அடுத்து.

மீனுக்கு வைத்திருப்பது சாரின் மகள் பெயர். அமெரிக்காவில் இருக்கிறாள். அந்தச் சேற்றில் ஒரு நாளாவது கால் வைத்திருப்பாளா?

இதில் பொய் வேறு. மாதிரிகளை மியூசியத்தில் ஒப்படைத்தாயிற்றாம், நம்பரோடு போட்டிருக்கிறது. அத்தனையும் பாட்டில் பாட்டிலாக என் கட்டிலுக்கடியில். லேபில் இடமில்லை, வீட்டில் வை என்று சொன்னதே அவர்தான்.

ஜூலை 4, வெள்ளி

இடைவேளையில் சாருக்குப் போன். நாலாவது தடவை எடுத்தார்.

"ஏம்மா, இதுக்குப் போயி கோவப்படலாமா? அடுத்த பேப்பர்ல ஒன் பேர முதல்ல போட்டுருதேன்."

"இது என் மீன் சார்."

"அடுத்த மாசம் ஒனக்கு பி.எச்டி வைவா. எதையும் கெடுத்துக்கிடாத. அந்தப் பாட்டில எல்லாம் அனுப்பிரு."

முடியாது என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்த பீரியடில் சாக்பீஸ் மூன்று உடைந்தது.

ஜூலை 5, சனி

ஸ்பெஷல் கிளாஸ். மூன்று மணிக்கு வீடு. கட்டிலுக்கடியில் வெறும் தரை. நாற்பத்தொரு பாட்டில்!

அப்பாதான் தூக்கிக் கொடுத்திருக்கிறார். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் அதிகாரி வரும்போதெல்லாம் எழுந்து நின்ற மனிதர்.

"சார் காரே அனுப்பிட்டாவல்லா. மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"யாரக் கேட்டுக் குடுத்திய?"

"பட்டம் வேண்டாமாட்டி ஒனக்கு? அவிய பெரிய ஆளு."

உடையக் கூடாதென்று தன் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்தாராம். அம்மா சொன்னாள். அதைக் கேட்டதும் இன்னும் ஆத்திரம். களவு கொடுப்பதிலும் இவ்வளவு அக்கறை!

கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். சாப்பிடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியவில்லை. முதல் பஸ். கோவில்பட்டியில் மாறி தூத்துக்குடி, அங்கிருந்து கழிமுகம். அந்தக் கரையில் நண்டு பிடித்துப் பிழைக்கும் மரியக்கா சேற்றில் நின்றிருந்தாள்.

"என்ன மக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?"

எல்லாம் சொன்னேன்.

"களவாணிப் பய," என்றாள். நண்டு வளைக்குள் கையை விட்டபடியே, "அந்த மீன ஒனக்கு மொதல்ல காட்டுனது நாந்தான? எம்பேரு எங்கன போட்டிருக்கு?"

என் ஆய்வேட்டில் நான் எழுதியிருப்பது: 'உள்ளூர் மக்களுக்கு நன்றி.' அவ்வளவுதான். மூன்று வருடம் அவள் தூக்குச்சட்டிச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறேன்.

இறால் தோண்டிய வளையிலிருந்து ஓர் உளுவை தலையை நீட்டிப் பார்த்தது. நான் கை நீட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது கோபத்தில் பாதி என்மேல்.

ஜூலை 7, திங்கள்

லீவ். இரண்டு கடிதம்: கட்டுரை போட்ட பத்திரிகைக்கு, பல்கலைக்கழகத்துக்கு. கூடவே நோட்டுப் பக்கங்களின் போட்டோ, சேற்றுக் கறையோடு. முதல் வரி: 'இந்த மீனை முதலில் காட்டியவர் மரியம்மாள், நண்டு பிடிப்பவர்.' அதற்குப் பிறகுதான் நான்.

அப்பா கதவோரம் நின்று, "யோசிச்சிக்கோட்டி," என்றார்.

அனுப்பியாயிற்று.

ஜூலை 10, வியாழன்

பத்திரிகையிலிருந்து பதில். கட்டுரைமேல் 'விசாரணையில்' என்று குறிப்பு. போன வாரம்வரை பாட்டில்கள் என்னிடம்தான் இருந்தன என்பதற்கு யாராவது சாட்சி உண்டா என்று கேள்வி.

பல்கலைக்கழகம்: வைவா தள்ளிவைப்பு. தேதி இல்லை. விளக்கம் கேட்கிறார்கள், என்னிடம்!

அப்பா வீட்டில் இல்லை. பாட்டில்களைத் திரும்ப வாங்கி வர, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே திருநெல்வேலிக்கு, சாரின் லேபுக்குப் போனாராம். என்னிடம் சொல்ல வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டு.

ஆறரைக்கு வந்தார். வெறுங்கை. செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

"மூணு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்கார வச்சிட்டான்ட்டி. கடைசில பியூன அனுப்பி, போவச் சொல்லுதான்."

சாட்சி கேட்டு வந்த பதிலை வாசித்துக் காட்டினேன்.

"கார் வந்த நாளு, பாட்டில் எத்தன, எல்லாம் நான் எழுதித் தாரேன். கையெழுத்தும் போடுதேன். பேப்பர எடு."