மஞ்சள் ஸ்கூட்டிக்காரி

ஆகஸ்ட் 20, புதன்

காலையிலேயே புழுக்கம். இன்றும் ஸ்கூட்டியை எடுக்கவில்லை, பஸ்தான்.

பாலக்கரை தாண்டும்போது முன் சீட்டுப் பெண்ணின் போனில் அந்த ராப் பாட்டு. பாடியவன் என்னோடு காலேஜில் படித்தவன். இங்கே க. என்று மட்டும். முழுப் பெயர் எழுதப் பயம். சித்திரையில் காதல் என்று வந்தான். விருப்பமில்லை என்றேன், அவ்வளவுதான்.

பாட்டில் என் பெயர் இல்லை. எங்கள் ஸ்ரீரங்கம் இருக்கிறது, என் மஞ்சள் ஸ்கூட்டி இருக்கிறது, என் புருவத் தழும்பு இருக்கிறது. திமிர் பிடிச்சவ, காசு பாத்து ஆள் மாத்துறவ, கையில சிக்குனா காலி.

முன் சீட்டுப் பெண் தோழியிடம்: "செம கேடிடி இவ. இவளுக்கெல்லாம் இது வேணும்."

துப்பட்டாவை நெற்றி வரை இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தூக்கமும் இல்லை.

வாங்க வேண்டியது: ஐப்ரோ பென்சில், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஸ்கூட்டியை விற்றுவிடலாம் என்றேன். அப்பா: "ஏம்மா, நல்லாத்தானே ஓடுது?"

அப்பாவுக்கு மைக்செட் தொழில். விசேஷத்துக்குக் கிளம்பும் முன் வாசலில் பெட்டிகளை அடுக்கி ஒரு பாட்டைப் போட்டுச் சோதிப்பார். இன்று போட்டது அந்தப் பாட்டு. "பேஸ் என்னமா அடிக்குது பாரு. இனிமே டெஸ்டுக்கு இதான்." அவர் எந்தப் பாட்டிலும் வார்த்தையைக் கவனித்ததில்லை. தெரு முழுக்கக் கேட்டது. நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வீணாகிறது என்று அம்மா கத்தினாள்.

இதே மாதிரிப் பாட்டுகள் எத்தனை கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் நிஜமாக ஒருத்தி இருந்திருப்பாள் என்று தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் வாசலில் இருவர். "மச்சான், புருவத்தப் பாருடா. அவதான்." பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்தார்கள்.

போலீஸுக்குப் போனால்? பாட்டுல உன் பேரா வருதுன்னு கேட்பார்கள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பாவுக்கு முசிறியில் கல்யாண ஆர்டர். மறுபடி அதே பாட்டு. மேல் சத்தம், ட்ரெபிள், சரியில்லை என்று தம் தம்மென்று அதிரும் பேஸைச் சுத்தமாகக் குறைத்தார்.

பேஸ் போனதும் வார்த்தைகள் மட்டும், ஒவ்வொன்றாக, தெளிவாக. அப்பா நிமிர்ந்தார். மூலையில் நின்ற ஸ்கூட்டியைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பாட்டை நிறுத்தினார். பெட்டி ஏற்ற வந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள்.

யார் அவன் என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவன நீ என்னம்மா பண்ணுன?"