செஞ்சிக்குள் நுழையாத பஸ்

திண்டிவனம்
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு,

சக்கரபாணி எழுதுவது. நான் நலம். அருணா பாண்டிச்சேரி ஹாஸ்டலில் நலம். வால்பாறையில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே மழைக்காலத்தில் அட்டைக்கடி அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். ரத்தக் காட்டேரியைப் பற்றி நாவல் எழுதியவள் வந்திருக்கிறாள் என்று அட்டைகளுக்குத் தெரிந்தால் சும்மா விடாது. வெளியே போகும்போது காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்.

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் நாவல் என்று வாயைத் திறந்தாலே டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். சாப்பாடு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசும்போது மட்டும் டவர் நன்றாக இருக்கிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான்.

முதலில் வீட்டு விஷயம். மோட்டார் ரிப்பேராகி மூன்று நாள் குடத்தில் தண்ணீர் தூக்கினேன், இப்போது சரி. முருங்கை மரத்தில் ஒரு கிளை காற்றில் ஒடிந்தது. மல்லாட்டை மூட்டை ஒன்று உன் தம்பி கொண்டுவந்து போட்டான். கடலையை வேகவைத்துத் தின்றுகொண்டே உன் புத்தகத்தைப் படித்தேன். ஆமாம், படித்தேன்.

நம்ப மாட்டாய். தலைமையாசிரியை நீ, பரீட்சைத்தாள் மாதிரித் திருத்திக்கொள், கதையைச் சொல்கிறேன். 'கூட்டேரிப்பட்டு வேட்டைக்காரி', மொத்தம் இருபது அத்தியாயம். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தும் வேலை பார்க்கிறாள் கூட்டேரிப்பட்டு ரோஜா. வேலை முடிந்தால் காட்டேரி வேட்டை. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முந்நூறு வருஷமாகச் சாகாமல் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு பலம் எல்லாம் செஞ்சிக் கோட்டை மண்ணில். அங்கே இறங்கி அந்த மண்ணை மிதித்துவிட்டால் அவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரோஜா அவனை ஆசை காட்டி திண்டிவனத்தில் 4.40 பஸ்ஸில் ஏற்றுகிறாள். செஞ்சி வந்ததும் இறங்கிவிடலாம் என்று அவன் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பஸ் செஞ்சிக்குள் நுழையாமல் வெளிவழியாகத் திரும்பி நேராக மேல்மலையனூர் போய் அங்காளம்மன் கோயில் முன்னால் நிற்கிறது. அவன் கதை முடிந்தது. எத்தனை மார்க்?

மூன்று நாளில் முடித்தேன். டைம் கீப்பர் பூத்தில் உட்கார்ந்து படித்ததில் இரண்டு பஸ்ஸுக்கு நேரம் எழுத மறந்து கண்டக்டர்களிடம் திட்டு வாங்கினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இதுதான் முதல் தடவை. படிக்கச் சொன்னது அருணா. விழுப்புரத்தில் ஒரு வாசகர் வட்டம் உன் நாவலுக்குக் கருத்துக் கூட்டம் வைப்பதாகவும், உன்னைக் கூப்பிட்டதற்கு வர முடியாது என்று ஒரே வரியில் நீ பதில் போட்டுவிட்டதாகவும் அவள்தான் சொன்னாள். அம்மா போகவில்லை என்றால் நீங்கள் போங்கள், ஆனால் படித்துவிட்டுப் போங்கள் என்று உத்தரவு. உன் மகள் உன்னை மாதிரியே பேசுகிறாள்.

நேற்று சாயங்காலம் போனேன். நான் யார் என்று யாரிடமும் சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்திய வெண்ணிலா என்ற நூலகர் அம்மா, நூலகத்தில் உன் புத்தகம் அலமாரியில் தங்குவதே இல்லை, ஒருவர் கொடுத்ததும் அடுத்தவர் வாங்கிப் போகிறார் என்றார். எனக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பூமாலை என்று ஒரு பெண், லேப் டெக்னீஷியனாம். "ரோஜா நரம்பு தேடுற எடத்தைப் படிச்சிட்டு என் கையையே பாத்துக்கினு இருந்தேங்க. இத எழுதுனவங்க எங்கள மாதிரி ஒருத்தர் பக்கத்துல குந்திப் பாத்திருக்கணும்" என்றாள். சர்க்கரை டெஸ்டுக்கு என்னைக் கூட்டிப்போன போதெல்லாம் நீ அந்தப் பெண்ணிடம் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது இதற்குத்தானா? நான் ஜல்தி ஜல்தி என்று உன்னை விரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து அம்சா. மயிலம் பக்கம் கூலி வேலை செய்கிற அம்மா, ஐம்பது வயசிருக்கும். மல்லாட்டை ஆயும்போது மகள் சத்தமாகப் படிக்க, பத்துப் பெண்கள் கேட்டார்களாம். அத்தியாயம் முடியாமல் எழுந்து போக யாருக்கும் மனசு வரவில்லையாம். எல்லோர் சார்பிலும் ஒரு கேள்வி கொண்டுவந்திருந்தார். "காட்டேரிய அடிச்சிட்டு வர்றா, காலையானா வேலைக்குப் போறா. அவளுக்கு சோறு யாரு ஆக்கிப் போட்டது? கதையில புருசன்னு ஒரு ஆளு வர்றான். வந்து இன்னா பண்றான்? கையில கட்டின கடியாரத்தப் பாத்துக்கினே கீறான். காட்டேரியாவது நாலு வார்த்தை பேசுது" என்று கேட்டதும் கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் அவர் எழுந்தார். சீனுவாசன். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுவதும் படி.

அவர் பேஸ்புக்கில் எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையாமல் மேல்மலையனூர் போகிற பஸ்ஸே கிடையாது, ஊரைத் தெரியாதவர் ஊரைப் பற்றி எழுதக் கூடாது என்று எழுதியிருந்தாரே, அதையே மேடையிலும் சொன்னார். நல்ல படிப்பாளி, மரியாதையாகத்தான் பேசினார். காட்டேரியை நான் நம்புகிறேன், லாட்ஜை நம்புகிறேன், கோட்டை மண்ணையும் நம்புகிறேன், ஆனால் அந்த பஸ்ஸை நம்ப முடியவில்லை, அந்த பஸ் இல்லாவிட்டால் நாவலே இல்லை என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

நான் பேசுவதாகப் போகவில்லை, கலை. கால் தானாக எழுந்தது. மைக் கூட வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷம் கத்திய தொண்டைக்கு எதற்கு மைக்?

"சார், நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். ரெண்டாவது அத்தியாயத்துல, பஸ் ஏறப்போற நாளு அமாவாசைன்னு ஒரு வரி வருது, பாத்தீங்களா? அமாவாசைக்கு மலையனூர் ஸ்பெஷல் வுடுவாங்க. இங்கயே சீட்டு ரொம்பிடும். செஞ்சியில ஏத்த எடம் இருக்காது, அதனால உள்ள போகாம வெளிய சுத்திக்கினு நேராப் போயிடும். 4.40க்கு ஒண்ணு கிளம்பும். அதுக்கு நேரம் எழுதறதே நாந்தான்" என்றேன்.

அம்சா அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி, "அமாவாசைன்னா நாங்க அந்த பஸ்ஸுலதான் போவோம். இதுல இன்னா சந்தேகம் உங்களுக்கு? அது ஊரறிஞ்ச பஸ்ஸாச்சே" என்றார். இன்னும் நாலைந்து பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சீனுவாசன் சார் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். "நான் எப்பவும் பைக்லயே போய்க்கினு வந்துக்கினு இருக்கறவன். அமாவாசை அன்னிக்கு மலையனூர் பக்கம் போனதே இல்ல. தப்பு என்னுதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை தட்டினார். அவ்வளவுதான், கைதட்டலில் கூடமே அதிர்ந்துவிட்டது. ஒரு வரியைக் கொண்டுபோய் அவ்வளவு முன்னாலேயே வைத்திருக்கிறார் பாருங்கள் என்று வெண்ணிலா அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம், அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மணியைப் பார்த்தேன். அம்சா அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஐயே, கடியாரத்தப் பாக்கறாரு! அந்தப் புருசன் நீங்கதானே!" என்றார். மறைக்க முடியுமா? அப்புறம் என்னை மேடையில் ஏற்றி, உனக்குப் போட வேண்டிய துண்டை எனக்குப் போட்டுவிட்டார்கள். மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை.

ராத்திரி அருணா போன் செய்து சீனுவாசன் சார் புதிதாக எழுதியதைப் படித்துக் காட்டினாள். "அந்த பஸ் இருக்கிறது. ஊரைத் தெரியாதவன் நான்தான்" என்று ஆரம்பிக்கிறது. பழையதை அழிக்காமல் அதன் கீழேயே போட்டிருக்கிறாராம். பெரிய மனுஷன்தான்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பாகம்.

சீனுவாசன் எழுதியதைப் படித்த அன்று காலை நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். செஞ்சிக்குள் போகாமல் மலையனூர் போகிற பஸ் உண்டுதானே என்று கேட்டாய். நான் இட்லி தின்றுகொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அப்படி எந்த பஸ்ஸும் கிடையாது என்றேன். தினசரி அட்டவணையை மனசில் வைத்துச் சொன்னேன். எதற்குக் கேட்கிறாய், என்றைக்கு பஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அமாவாசை என்று சொல்லியிருப்பாய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நீ அலையக்கூட இல்லை, நேராக வெண்ணெயிடமே வந்து கேட்டாய். வெண்ணெய்தான் கெட்டுப்போயிருந்தது.

அந்த பஸ்ஸைப் பற்றி உனக்குச் சொன்னதே நான்தான் என்பது புத்தகம் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அருணா நாலாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு அமாவாசை அன்று எனக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுவந்து, கூட்டத்தில் வெளியே போக முடியாமல் என் பூத்திலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அப்போது சொன்னேன். நான் மறந்தேன், நீ வைத்துக்கொண்டாய். பிறகு நானே இல்லை என்றதும், சொன்னவனே மறுக்கிறானே, நாம்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்துவிட்டாய். உன் எழுத்தை நிறுத்தியது சீனுவாசன் இல்லை. நான். திண்டிவனத்தில் காட்டேரிக்கு என்ன வேலை என்று முன்பு சிரித்தவனும் நான்தான். பதவி உயர்வில் எத்தனையோ ஊர் இருக்க, நீ ஏன் வால்பாறையைக் கேட்டு வாங்கினாய் என்று இப்போது புரிகிறது. தப்பு செய்தேன் கலை. மன்னித்துக்கொள்.

இன்னொன்று. இரண்டாம் பாகம் எழுதிய ஐந்து நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னாய். போட்டாச்சு என்று போனில் சொன்னேன். பொய். அவர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் செய்தித்தாளை மட்டும் போட்டேன். உன் கையெழுத்தைத் தராசில் வைக்க எனக்குக் கை வரவில்லை. என் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. இந்த ஒரு பொய்க்காவது நீ என்னைத் திட்ட மாட்டாய் என்று நினைக்கிறேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்டு நேற்று கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தேழு பேர். முதல் கையெழுத்து சீனுவாசன், கடைசிக் கையெழுத்து நான்.

வருகிற ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினால் சனிக்கிழமை காலை வந்துவிடலாம். அமாவாசை அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு டைம் கீப்பருக்கு லீவா என்று அதிகாரி கத்தினார், கத்தட்டும். இத்தனை வருஷம் 4.40 ஸ்பெஷலுக்கு நேரம் எழுதி அனுப்பினேனே தவிர ஒரு தடவையும் ஏறிப் போனதில்லை. உன்னோடு ஏற வேண்டும். ஜன்னல் பக்கம் உனக்கு.

நோட்டுகளை நான் படிக்கவில்லை. முதல் பக்கம் மட்டும் கண்ணில் பட்டது. வேட்டை முடிந்து விடியற்காலையில் ரோஜா வீட்டுக்கு வருகிறாள், கதவைத் தட்டுகிறாள், யாரும் திறக்கவில்லை என்று இருக்கிறது. எழுதுவது உன் உரிமை, நான் குறுக்கே வர மாட்டேன். ஒரு வாசகனின் கருத்தாக மட்டும் கேட்டுக்கொள். இந்தத் தடவை அந்தப் புருஷன் எழுந்து போய்க் கதவைத் திறக்கட்டும். சோறும் ஆக்கி வைத்திருப்பான்.

அங்காளம்மன் துணை இருக்க, நீ வரும் நேரத்தை எழுதக் காத்திருக்கும்,
சக்கரபாணி