கூப்பிட்டால் வெஹக்

லூயிஸ் தீவு,
மார்ச் 9, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி ரூரிக்கு,

அக்கா கிர்ஸ்டி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பெர்த்தில் நீயும் ஹேலியும் பிறந்திருக்கிற குட்டியும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று. இனிமேல் திட்டப் போகிறேன், உட்கார்ந்துகொள்.

உன் மின்னஞ்சலை ஏழெட்டு முறை படித்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால்தான் பேனாவை எடுத்தேன். குழந்தைக்கு ‘வெஹக்’ என்று பேர் வைக்கப் போகிறாய். இந்த மாதக் கடைசிக்குள் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுத்து சரியா என்று மட்டும் பார்த்துச் சொல் என்கிறாய். அம்மா சாயங்காலத்தில் வாசலில் நின்று கூப்பிட்டது இன்னும் உன் காதில் இருக்கிறதாம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் உருகியிருப்பேன். கடைசி வரியில், “இது நம்ம வீட்டு மாட்டோட பேருன்னு ஹேலிக்குத் தெரியாது, நீயும் ஒளறிடாத” என்று வேறு எழுதியிருக்கிறாய். தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய அந்த இணையப் பக்கத்தையும் பார்த்தேன். ‘அபூர்வமான கெல்டிக் பெண் பெயர். பொருள்: பிர்ச் மரக்காட்டின் தேவதை. பிரபலம்: மிகமிகக் குறைவு. ராசியான நிறம்: பச்சை.’ எந்தப் புண்ணியவான் எழுதினானோ! பிர்ச் மரத்துக்கும் இந்தப் பேருக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். இந்தத் தீவில் காற்றுக்குத் தாக்குப்பிடித்து நிற்கிற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இதில் தேவதை எங்கே குடியிருப்பாள்? அந்தச் சொல்லுக்குப் பொருள் உயிர், வாழ்வு. விஸ்கிக்கு நம் மொழியில் என்ன பேர்? உயிர்த்தண்ணீர். அந்த ‘உயிர்’தான் இந்தப் பேரிலும் இருப்பது. புட்டியைத் திறக்கத் தெரிந்த உனக்கு இது தெரியாமல் போயிற்றா? பிரபலம் குறைவாம்! நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அந்தப் பேரில் பதினோரு பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டா கணக்கெடுத்தான்?

அடுத்தது, எழுத்து. அப்படி ஒரு பேரே கிடையாது. பேர் ‘பெஹக்’. கூப்பிடும்போதுதான் அது வெஹக். நம் மொழியில் ஆளைக் கூப்பிட்டால் பேரின் முதல் எழுத்து இளகிவிடும் என்பதைக்கூட ஆஸ்திரேலிய வெயில் உருக்கிவிட்டதா? என் பேர் கிர்ஸ்டி. அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் ஹிர்ஸ்டி. உன் பேரை எப்படிக் கூப்பிட்டாலும் ரூரிதான், அதனால்தான் உனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. இதை நேற்று கடையில் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. தபால்காரன் முர்டோ பிடித்துக்கொண்டான். “பொண்ணுக்கு மாட்டுப் பேரா? பையன் பொறந்தா கெடாப் பேரு வெப்பானா ஒன் தம்பி?” என்று கேட்டான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக என்னையே மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மா டீயும் ஓட்ஸ் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது உன் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டேதான். மாட்டுப் பேர் என்கிற வரி வந்ததும் அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். எண்பத்து மூன்று வயது. இப்போதெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். “மாட்டுப் பேரு இல்லடி அது. ஒனக்குத் தெரியும்ல? அவனுக்கு ஏன்டி சொல்லல?” என்று கேட்டாள். அதனால் இப்போது சொல்கிறேன்.

அது நம் அக்காவின் பேர்.

கிளாஸ்கோவில் ரெபெக்கா என்று ஒரு அக்கா இருப்பது உனக்குத் தெரியும். புத்தாண்டுக்குப் புத்தாண்டு அட்டை வருமே, அவள்தான். ரெபெக்கா என்பது பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பேர். வாத்தியாருக்கு நாக்குச் சுளுக்கிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு இங்கிலீஷ் பேரை மாட்டிவிட்டார்கள். நான் கிறிஸ்டினா, அவள் ரெபெக்கா. வீட்டில் அவள் பெஹக். உனக்கு இரண்டு வயது வரை உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தான்.

பாரா தீவிலிருந்து மீன்பிடிக்க வந்த ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன். ஆனால் கத்தோலிக்கன். அப்பா புராட்டஸ்டன்ட் சபையின் மூப்பர், கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காய்ந்தாலே குற்றம் என்கிற வீட்டில் கத்தோலிக்க மருமகனா? அவள் பெட்டியோடு படியிறங்கிய அன்று அப்பா எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: “அந்தப் பேரு இனிமே இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது.” வாசலுக்கு யார் வந்தாலும், ஊசி விற்க வந்தவனைக்கூட, ‘இது உன் வாழ்வு’ என்று நம் வழக்கப்படி வாய் நிறைய வரவேற்ற மனிதர். அந்த வரவேற்பிலும் இதே சொல்தான் ஒலிக்கிறது. சொல்லை எல்லாருக்கும் கொடுத்தார். பெற்ற மகளுக்கு மட்டும் கிடையாது. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன்.

அடுத்த வசந்தத்தில் அம்மா சந்தையிலிருந்து ஒரு செவலைக் கிடாரியை ஓட்டி வந்தாள். அன்று சாயங்காலம் அப்பா வேதாகமம் வாசித்துக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வாசலில் போய் நின்று, சாலை வரைக்கும் கேட்கிற மாதிரி, “வெஹக்!” என்று கூப்பிட்டாள். அப்பாவின் விரல் வரியிலேயே நின்றுவிட்டது. “மாட்டுக்கு வெக்க வேற பேரு கெடைக்கலயா?” என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? மாடு வெளியிலதான நிக்குது.”

அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். மாட்டைக் கூப்பிடாதே என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் பேரைச் சொல்ல வேண்டும். அந்த மாடு செத்ததும் அடுத்ததற்கும் அதே பேர், அதற்கடுத்ததற்கும் அதே பேர். மூன்று மாடு, இருபத்திரண்டு வருஷம். மழையானாலும் புயலானாலும் தினம் ஒரு முறை. வீட்டுக்குள் அப்பாவும் நானும் ‘செவலை’ என்றுதான் சொல்லுவோம். அதனால்தான் அந்தப் பேரைப் பேராக நீ ஒருநாளும் கேட்கவில்லை, கூப்பிட்டு மட்டுமே கேட்டிருக்கிறாய். உன் எழுத்து ஏன் தப்பாகப் போயிற்று என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது. தப்பு உன்னுடையது இல்லை. உன்னைத் திட்டி எழுதியதை அடிக்க மனமில்லை, அது இருக்கட்டும். ஆனால் எனக்கு உண்மையில் கோபம் என் மேல்தான். பதினாறு வயதில் பயந்தேன், சரி. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறதே, இப்போது யாருக்குப் பயம்? அவர் இறந்ததும் கிளாஸ்கோவுக்கு ‘வந்து போ’ என்று ஒரு கடிதம் போட்டேன். அதிலும் ‘அன்புள்ள ரெபெக்கா’ என்றுதான் தொடங்கினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? அந்தப் பேரில் இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

நேற்று இதையெல்லாம் உனக்கு எழுதச் சொன்னதே அம்மாதான். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “நான் கூப்புட்டது அவனுக்காவது கேட்டிருக்கே” என்றாள். பிறகு ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தாள்.

ஆகவே, தம்பி, எழுத்தைத் திருத்தாதே. இலக்கணப்படி தப்புதான். மொழி தெரிந்தவன் சிரிப்பான், முர்டோ ஒரு வருஷத்துக்குச் சிரிப்பான், சிரிக்கட்டும். சும்மா இருந்தால் அது பெஹக். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால்தான் வெஹக். அப்படியே எழுதிக் கொடு. ஹேலியிடம் உண்மையைச் சொல்லிவிடு, மரக்காட்டுத் தேவதையையும் பச்சை நிறத்தையும் அந்தப் பக்கக்காரனே வைத்துக்கொள்ளட்டும். மாட்டையும் மறைக்காதே. அந்த மாடுகள் இல்லாவிட்டால் இந்தப் பேர் உன் காதுக்கே வந்திருக்காது.

இதே தபாலில் கிளாஸ்கோவுக்கும் ஒரு கடிதம் போகிறது. நீ அனுப்பிய குட்டியின் படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். கடிதம் என்றால் கூப்பிடுவதுதானே? அதனால் முதல் வரியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறேன், சரியான பேரில். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் அம்மாவுக்குப் போன் செய். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள். அம்மா கூப்பிடுவாள். இத்தனை வருஷமும் அவள் கூப்பிட்டதற்கு மாடுதான் திரும்பிப் பார்த்தது. குட்டி திரும்பிப் பார்த்தால், பார்த்தாள் என்று சொல். பார்க்காவிட்டாலும், பார்த்தாள் என்று சொல்.

அந்தப் பேருக்குரிய வாழ்வு அவளுக்கு முழுசாகக் கிடைக்கட்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
அக்கா கிர்ஸ்டி