கூட்டம் நாளைக்கே

மார்ச் 4, திங்கள்
எங்கள் தையல் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் கை தூக்கித் தேர்வு. வராதவர் பெயரைத் தேர்வுக்கு எடுப்பதில்லை என்பது சங்க வழக்கம். போட்டியில் நானும் காலர்க்காரியும்தான். அவளுக்குக் காலர் தைப்பதில்தான் கை ஓடும், அதனால் அந்தப் பெயர்.

மகளின் பழைய பாடப்புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்ட கணக்கு. இவரிடம் சொன்னால், “வீட்டுக் கணக்குன்னு நெனச்சுட்டியா?” என்கிறார்.

“வீட்டுக் கணக்குல தப்பு வந்தா பட்டினி கெடக்கறது யாரு?” என்றேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடவுளே, இது எனக்குக் கிடைக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி உன் பாடு.

மார்ச் 6, புதன்
துணி அலசும்போது போன் வாளிக்குள் விழுந்தது. ரிப்பேர் கடையில் கொடுத்தாயிற்று. போகட்டும், என்னை யார் அவசரமாகக் கூப்பிடப் போகிறார்கள்?

மார்ச் 7, வியாழன்
சாயங்காலம் கொட்டுகிற மழையில் கதவு தட்டும் சத்தம். காலர்க்காரி! முழங்கால்வரை சேறு.

“ஏன்க்கா, உங்க போன் செத்துப்போச்சா? கூட்டம் நாளைக்குக் காலைலயே. ஆர்டர் தர்றவரு சனிக்கிழமை ஊர்ல இல்லையாம். தலைவியக்கா குரூப்புல போட்டாங்க. உங்க பதில் மட்டும் காணோம்.”

“நான் வரலேன்னா உனக்குத்தானே...” வாய் தவறி வந்துவிட்டது.

“அப்படி ஜெயிச்சா, தைக்கறப்பல்லாம் உங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும். ஊசி என் வெரல்ல ஏறும். நாளைக்குத் தோக்கத் தயாரா வாங்க!”

டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. தோற்றாலும் இந்த நாள் வரவுதான்.

மார்ச் 8, வெள்ளி
ஜெயித்துவிட்டேன். ஒரே ஒரு கை வித்தியாசத்தில். எனக்கு நானே கை தூக்கினேன், வெட்கமாகத்தான் இருந்தது. அவளும் தனக்குத் தூக்கினாள். கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

சந்தோஷப்படுவதா? தெரியவில்லையே.

மார்ச் 9, சனி
பிரார்த்தனையில் முதல் நன்றி அவளுக்காக.

மார்ச் 15, வெள்ளி
கூட்ட நாள் மாறினால் சொல்லும் பொறுப்பும் இப்போது என்னுடையது. குரூப்பில் போட்டதோடு விடமாட்டேன், பதில் வராதவர் வீட்டுக்கு நேரில் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தலைவியக்கா, “உனக்குச் செருப்புதான் தேயும்” என்று சிரித்தார். காலர்க்காரி சிரிக்கவில்லை. இன்னும் பேச்சில்லை.

மார்ச் 26, செவ்வாய்
புதன்கிழமைக் கூட்டம் வியாழனுக்குப் போனது. எழுதிப் போட்டேன். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். காலர்க்காரி மட்டும் சொல்லவில்லை. பார்த்திருக்கிறாள் என்று போனிலேயே தெரிந்தது. பார்த்துவிட்டாளே, போதாதா? போதாது. சொன்ன சொல்லுக்காகப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் டீ. பக்கத்தில் இரண்டு டம்ளர்.

“பாத்துட்டேல்ல? ஒரு வார்த்தை பதில் போடறதுக்கென்ன?” என்றேன்.

“போட்டா நீங்க வரமாட்டீங்கல்லக்கா” என்று டீயை வடிகட்டினாள்.